லடாக் மாரத்தான்: ஒருவர் ஓட, குடும்பமே ஊர் சுற்ற... பிளான் போடுவது எப்படி?

வீட்டில் ஒருவர் மாரத்தான் ஓடுபவராக இருந்தால் வெளியூர்ப் பயணம் எப்படிப் போகும் என்பது மற்றவர்களுக்குத் தெரியும். விடியற்காலை அலாரம், பையைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பு, மதியம் ஓடியவருக்குத் தூக்கம், மாலையில் ரயில். "இதுக்கு நாங்க எதுக்கு வரணும்?" என்று குடும்பம் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

அந்தக் கேள்விக்கு நல்ல பதில், லடாக்கின் லே நகரம். 2012-ல் தொடங்கிய லடாக் மாரத்தான் செப்டம்பர் மாதத்தில் இங்கே நடக்கிறது. முழு மாரத்தான், அரை மாரத்தானுடன் 72 கி.மீ. கர்துங் லா சேலஞ்சும் உண்டு. கூடவே குறைந்த தூர ஓட்டங்களும் இருப்பதால் குடும்பத்தினரும் பெயர் கொடுக்கலாம்.

ஒரு வாரம் முன்பே ஏன்?

லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே கிடைக்கும். விமானத்தில் போய் இறங்கியதும் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வருவது சகஜம். நன்றாகப் பயிற்சி எடுத்தவர் என்பதற்காக மலை சலுகை காட்டாது. ஓடுபவருக்கு வருவது எட்டு வயதுப் பிள்ளைக்கும் வரலாம்.

அதனால் குறைந்தது ஒரு வாரம் முன்பே போய்விடுவது நல்லது. ரேஸுக்காகக் காத்திருக்கும் அந்த நாட்களே குடும்பத்தின் விடுமுறையாகவும் அமைந்துவிடும். ஆனால், எதை முதலில் பார்ப்பது என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள்.

ரேஸுக்கு முன்... ரேஸுக்குப் பின்!

முதல் இரண்டு நாள் முழு ஓய்வு. தண்ணீர், சூடான துக்பா சூப், கடைவீதியில் மெதுவாக ஒரு நடை போதும்.

மூன்றாவது நாளிலிருந்து பக்கத்து இடங்கள். 17-ம் நூற்றாண்டு லே அரண்மனை, சாந்தி ஸ்தூபி, திக்சே மடாலயம், நிம்மு அருகே சிந்துவும் ஜான்ஸ்கரும் நிறம் மாறிக் கலக்கும் சங்கமம். எல்லாமே காலையில் கிளம்பி மாலைக்குள் லேவுக்குத் திரும்பிவிடக்கூடியவை.

'3 இடியட்ஸ்' படத்தில் பார்த்த பாங்காங் ஏரி, ஒட்டகச் சவாரிக்குப் பெயர்பெற்ற நுப்ரா பள்ளத்தாக்கு இரண்டையும் ரேஸுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். லேவிலிருந்து அங்கே போகும் வழக்கமான சாலைகள் 5,300 மீட்டருக்கும் மேலே உள்ள கணவாய்களைத் தாண்டுகின்றன. ரேஸுக்கு முந்தைய நாள் அவ்வளவு உயரம் ஏறி, மணிக்கணக்கில் காரில் குலுங்கி வந்தவரின் கால் மறுநாள் ஓடாது. ரேஸ் முடிந்து ஒரு நாள் ஓய்வெடுத்துவிட்டுக் கிளம்பினால், ஓடியவரும் நிம்மதியாக ஏரியை ரசிக்கலாம்.

கிளம்பும் முன் கவனிக்க...

* காலாண்டுத் தேர்வும் செப்டம்பரில்தான். ரேஸ் தேதியையும் பள்ளி அட்டவணையையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே டிக்கெட் போடுங்கள்.
* இதயநோய், ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரிடம் கேட்காமல் கிளம்பக் கூடாது. மலை உயரத்துக்கான மாத்திரையையும் டாக்டர் சொன்னால் மட்டுமே போட வேண்டும்.
* வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. வீட்டில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இணைப்பு இருக்கட்டும்.
* பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். இரவில் குளிர் நடுக்கும். சன்ஸ்கிரீன், ஸ்வெட்டர் இரண்டும் தேவை.

முன்கூட்டியே ஒரு முடிவு

எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஊரிலேயே பேசி எடுக்க வேண்டிய ஒரு முடிவு. யாருக்காவது தலைவலி அதிகமாகி, மூச்சு வாங்கி, நடை தள்ளாடினால் உடனே மருத்துவமனை. டாக்டர் சொன்னால் தாழ்வான இடத்துக்கு இறங்கிவிட வேண்டியதுதான். அது ரேஸ் அன்று காலையாக இருந்தாலும் சரி!

கட்டிய பணம், மாதக்கணக்கான பயிற்சி எல்லாம் அந்த நேரத்தில் கண்முன்னே வந்து நிற்கும். "இவ்வளவு தூரம் வந்துட்டோமே" என்று மனசு இழுக்கும். அதனால்தான் முடிவை முன்பே எடுக்கச் சொல்கிறோம். ஓட்டம் அடுத்த செப்டம்பரிலும் வரும்.