அக்ரோபோரா பவள வளர்ப்பு

அக்ரோபோரா என்பது கல் பவளங்களுள் ஒரு பேரினம் ஆகும். கிளைத்தும் மேசை போல் பரந்தும் வளரும் இது, வீட்டுக் கடல்நீர்த் தொட்டிகளில் வளர்ப்பதற்குக் கடினமான பவளங்களுள் ஒன்றாகும்.

உயிரியல்

ஒவ்வொரு கிளையும் சிறு பாலிப்புகளின் கூட்டமாகும். இவற்றின் திசுக்களுள் வாழும் சூசாந்தெல்லே எனும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை மூலம் உணவின் பெரும்பகுதியை அளிக்கின்றன. வெப்பம் மிகுந்தால் பவளம் இப்பாசிகளை இழந்து வெளிறும். இந்நிலை நீடித்தால் இறக்கும்.

நீரின் தன்மை

* வெப்பநிலை: 24 - 27 பாகை செல்சியசு
* உப்பு: ஒரு கிலோகிராம் நீரில் ஏறத்தாழ 35 கிராம்
* கால்சியம்: லிட்டருக்கு 400 - 450 மில்லிகிராம்
* மக்னீசியம்: லிட்டருக்கு 1250 - 1350 மில்லிகிராம்

பவளம் கால்சியம் கார்பனேட்டால் எலும்புக்கூட்டை அமைப்பதால் நீரின் கால்சியமும் காரத்தன்மையும் நாள்தோறும் குறைகின்றன. இவற்றைச் சிறிது சிறிதாக ஈடுசெய்தல் வேண்டும். காரத்தன்மை திடீரென மாறினால் திசு உரிந்து வெண்ணிற எலும்புக்கூடு மட்டுமே எஞ்சக்கூடும். எனவே அளவுகளை நிலையாக வைத்திருத்தல் மிக இன்றியமையாதது.

ஒளியும் நீரோட்டமும்

வலுவான ஒளியும் திசை மாறி வீசும் நீரோட்டமும் தேவை. புதிய பவளத்தைக் குறைந்த ஒளியில் வைத்துப் படிப்படியாகப் பழக்குவர்.

பெருக்கம்

ஒடித்த கிளையைக் கல்லில் ஒட்டினால் அது புதிய கூட்டமாக வளரும். இம்முறை கடலிலிருந்து பவளம் எடுக்கும் தேவையைக் குறைக்கிறது.

சட்ட நிலை

கல் பவளங்களின் பன்னாட்டு வணிகம் சைட்டிசு உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பின்படி கட்டுப்படுத்தப்படுகிறது. இந்தியாவில் இவை காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் உள்ளன. எனவே மன்னார் வளைகுடா போன்ற இடங்களிலிருந்து இவற்றை எடுப்பதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றங்களாகும்.