புது சர்க்யூட் போர்டுக்கு எடுத்தவுடனே கரன்ட் கொடுக்கலாமா? சூளையில் மாட்டும் முன் என்னென்ன பார்க்கணும்?

கடலூர் மாவட்டத்தில் பீங்கான் என்றாலே விருத்தாசலம்தான். பீங்கான் தொழிற்பேட்டை, அதற்கென்றே ஒரு தொழில்நுட்பக் கல்லூரி என இரண்டும் இருக்கும் ஊர். பொம்மையோ மின் இன்சுலேட்டரோ, எதுவானாலும் சூளைக்குள் போய்த்தான் வரணும். பீங்கான் சூளையின் வெப்பம் 1,200 டிகிரி செல்சியஸைக்கூட தாண்டும். மின்சூளையாக இருந்தால், அந்த வெப்பத்தைக் கட்டுப்படுத்துவது உள்ளங்கை அளவு மைக்ரோகன்ட்ரோலர் போர்டாக இருக்கலாம். அது தப்பாக அளந்தால் ஒரு சூளை சரக்கு மொத்தமும் போச்சு.

அப்படி ஒரு போர்டு புதிதாகச் செய்து கைக்கு வருகிறது. உடனே பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போடலாமா? கூடவே கூடாது.

கரன்ட் இல்லாமலே முதல் சோதனை

முதலில் லென்ஸ் வைத்துப் பார்க்கணும். சிப் திரும்பி உட்கார்ந்திருக்கிறதா, பக்கத்து பக்கத்து கால்களை ஈயம் ஒட்டவைத்திருக்கிறதா என்பது கண்ணுக்கே தெரியும்.

அடுத்து மல்டிமீட்டர். பவர் லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே வைத்துப் பார்க்கணும். பீப் சத்தம் ஒரு கணம் வந்து நின்றால் பயம் வேண்டாம், கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகிறது என்று அர்த்தம். நிற்காமல் கத்தினால் எங்கேயோ ஷார்ட்.

அந்த ஷார்ட்டுக்குப் பல நேரம் காரணமும் ஒரு பீங்கான்தான்! சிப்பைச் சுற்றி எள் அளவில் பழுப்பாக இருக்கும் கெப்பாசிட்டர்கள் செராமிக் வகை. பானை மண் இல்லை, பெரும்பாலும் பேரியம் டைட்டனேட். மெல்லிய அடுக்குகளாக வைத்து, அதையும் சூளையில் சுட்டுத்தான் எடுக்கிறார்கள். பீங்கான் வளையாது, விரிசல்தான் விடும் என்று விருத்தாசலத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பெரிய பலகையிலிருந்து போர்டை உடைத்துப் பிரிக்கும்போது கொஞ்சம் வளைந்தாலும் உள்ளே கீறல் விழலாம். கோப்பையைத் தட்டினால் சத்தத்தில் விரிசல் தெரிந்துவிடும். இதில் அந்த வசதி இல்லை.

கரன்டை அளந்து கொடுங்க

மீட்டர் சரி என்று சொன்னால், கரன்டுக்கு வரம்பு வைக்கக்கூடிய பவர் சப்ளை தேவை. பலரும் இந்தச் செலவைத்தான் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள், கடைசியில் போர்டே கருகிப்போகிறது. ரிலே ஓடாத நிலையில் சின்ன போர்டுக்குப் பொதுவாகச் சில பத்து மில்லிஆம்பியர் போதும். வரம்பை 100 மில்லிஆம்பியரில் வைத்தால், ஷார்ட் இருந்தாலும் வோல்டேஜ் விழுமே தவிர போர்டு எரியும் வாய்ப்பு குறைவு.

எந்தப் பாகம் சூடாகிறது என்று தெரியவில்லையா? ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை லேசாகத் தடவினால், சூடான பாகத்தின் மேல் முதலில் காயும். இது குறைந்த வோல்டேஜ் பகுதிக்கு மட்டும்தான். 230 வோல்ட் இணைப்பை இந்தக் கட்டம் முடியும்வரை மாட்டவே கூடாது.

சிப் பேசுமா?

3.3 வோல்ட் சரியாக வருகிறது என்றால், புரோகிராமரை இணைத்து சிப்பின் அடையாள எண்ணைக் கேட்கணும். பதில் வந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. பிறகு ஒரே ஒரு எல்இடியை மினுக்கும் சின்ன புரோகிராம்.

விண்வெளிக்கான சிப்புக்கும் இப்படி ஒரு கட்டம் உண்டு. இஸ்ரோவுக்காக ஐஐடி மெட்ராஸ் உருவாக்கிய 'ஐரிஸ்' சிப் பற்றிய அறிவிப்பு 2025 பிப்ரவரியில் வந்தது. சிப் தயாரானது சண்டிகரில், பேக்கேஜிங் கர்நாடகாவில், போர்டு குஜராத்தில், பாகங்களைப் பொருத்தியது சென்னையில். கடைசியில் ஐஐடி மெட்ராஸில் அது 'பூட்' ஆன பிறகுதான் வெற்றி என்று சொன்னார்கள்.

சூளை போர்டுக்கு மட்டும் கூடுதலாக

வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிள் தரும் மின்னழுத்தம் மிக மிகக் குறைவு. 'கே' வகை 1,200 டிகிரியில்கூட 0.05 வோல்ட்டைத் தொடாது. அதனால் சின்ன பிழையும் பெரிதாகக் காட்டும். சரிபார்க்க ஐஸ் தண்ணீரும் கொதிக்கும் தண்ணீரும் போதும். விருத்தாசலம் மாதிரி சமவெளி ஊரில் ஒன்று 0, இன்னொன்று கிட்டத்தட்ட 100 காட்டணும்.

வயர் தலைகீழாக மாட்டியிருந்தால் சூடு ஏற ஏற எண் இறங்கும். போர்டோ 'இன்னும் குளிராக இருக்கு' என்று நினைத்து சூளையைச் சூடாக்கிக்கொண்டே போகும்! வயரைக் கழற்றியும் பார்க்கணும். சென்சார் இல்லை என்றதும் ஹீட்டர் அணையாவிட்டால் அந்த போர்டு சூளைக்கு லாயக்கில்லை.

ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் புரோகிராம் 'ஆஃப்' சொன்னாலும் கரன்ட் போய்க்கொண்டேதான் இருக்கும். அதற்காகத் தனியாக ஒரு கட்-ஆஃப் வேண்டும். காலி சூளையை ஓடவிட்டு, அந்த கட்-ஆஃபை ஒருமுறை வேண்டுமென்றே இயங்கவைத்துப் பார்த்த பிறகே சரக்கை அடுக்கணும்.