மார்ச் மாத பில் வாடகை வரியைக் குறைக்காது

ஸ்ரீரங்கம் உத்திர வீதியானாலும் பச்சைமலை அடிவாரத்துத் துறையூரானாலும், வீட்டை வாடகைக்கு விட்டவர்கள் மார்ச் பிறந்ததும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “31-ஆம் தேதிக்குள் பெயிண்டும் குழாயும் வாங்கி பில் வைத்துக்கொண்டால் வரி குறையுமா?”

குறையாது. அமெரிக்காவில் வாடகை வீட்டுப் பழுதுக்கான செலவை அந்தந்த ஆண்டிலேயே கழிக்கலாம் என்பதால், டிசம்பருக்குள் வாங்கினால் அங்கே பலன் உண்டு. நம் சட்டம் வேறு வழியில் போகிறது. ஆண்டு வாடகையில் சொத்து வரியைக் கழித்து, மிஞ்சுவதில் 30 சதவீதத்தைத் தானாகவே தள்ளிவிடுகிறது. பில் கேட்பதில்லை. பழைய வரிமுறை, புதிய வரிமுறை இரண்டிலும் இதே கணக்குதான். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறையாகும் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமும் இதை மாற்றவில்லை.

மாத வாடகை 10,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1,20,000. சொத்து வரி 6,000 கட்டியிருந்தால் மீதி 1,14,000. அதில் 30 சதவீதமான 34,200 போக, 79,800 ரூபாய் வருமானக் கணக்கில் சேரும். கொத்தனாருக்கு ஒரு லட்சம் கொடுத்தாலும், ஒரு ஆணிகூட அடிக்காவிட்டாலும் அதே 79,800தான். ஓட்டை ஒழுகவிட்டவருக்கும் ஒக்கிட்டவருக்கும் ஒரே சலுகை என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மார்ச் 31 உண்மையிலேயே முக்கியமாவது சொத்து வரிக்கு. உரிமையாளர் எந்த நிதியாண்டில் பணம் கட்டுகிறாரோ அந்த ஆண்டில்தான் கழிவு. நிலுவையைக் கட்டினாலும் அப்படியே. குடியிருப்பவர் கட்டினால் உரிமையாளருக்குக் கழிவு கிடையாது. மாநகராட்சி, நகராட்சிகளில் அரையாண்டு வரியை ஏப்ரல் 30, அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய், ஊக்கத்தொகையும் உண்டு.

பழுது பார்க்கக் கடன் வாங்கியிருந்தால் அதன் வட்டியைத் தனியே கழிக்கலாம். மாடியில் புதிதாக அறை எழுப்பினால் அது பழுது அல்ல, மேம்பாடு; வீட்டை விற்கும்போது மூலதன ஆதாயக் கணக்கில் அந்தச் செலவு சேரும். பத்திரப்படுத்த வேண்டிய பில் அதுதான், எத்தனை ஆண்டு ஆனாலும்.

மற்ற வேலைகளுக்கு வரி நாட்காட்டியைப் பார்க்கத் தேவையில்லை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும். மொட்டை மாடி விரிசலை அதற்கு முன்பே அடைத்துவிட்டால், உள்ளே குடியிருக்கும் குடும்பம் மழை இரவில் பாத்திரம் வைத்து நீர் பிடிக்க வேண்டியிருக்காது.