கல் முட்டைக்குள் ஒரு பொற்கப்பல்

ருஷ்யாவில் ஈஸ்டர் எனப்படும் உயிர்த்தெழுதல் திருநாளன்று சாயமிட்ட முட்டைகளை ஒருவருக்கொருவர் கொடுத்து மும்முறை முத்தமிட்டு வாழ்த்துவது நெடுங்கால வழக்கம். அவ்வழக்கத்தையொட்டியே பேரரசர் மூன்றாம் அலெக்சாண்டர் தம் மனைவி மரியா ஃபியோதரோவ்னாவுக்காக 1885இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகைத் தொழிலகத் தலைவர் கார்ல் ஃபேபெர்ஜேயிடம் பொன் முட்டை ஒன்றைச் செய்வித்தார். அவரும் அவர் மகன் இரண்டாம் நிக்கோலசும் 1916 வரை பெற்ற அரச முட்டைகள் மொத்தம் 50.

முதல் முட்டையின் மேற்புறத்தில் ஓர் இரத்தினக்கல்கூட இல்லை. கோழி முட்டையின் ஓடு போலவே மங்கிய வெண்மையில் எனாமல் பூசப்பட்ட அது, தன்னுள்ளே பொன்னாலான மஞ்சள் கருவையும் அதனுள் ஒரு பொற்கோழியையும் மறைத்துவைத்திருந்தது. எனாமல் என்பது கண்ணாடித் தூளை உலோகத்தின்மேல் இட்டு உலையில் உருக்கிப் படியவைக்கும் பூச்சு. கடலூர் மாவட்டத்தின் பீங்கான் நகரமான விருத்தாசலத்தில் பொம்மைகளுக்கும் அகல் விளக்குகளுக்கும் கிளேஸ் பூசிச் சூளையில் அடுக்குவோருக்கு இந்நுட்பத்தை விளக்க வேண்டியதில்லை: அங்கே களிமண், இங்கே பொன், ஆறும்போது பூச்சும் அடிப்பொருளும் ஒத்த அளவில் சுருங்காவிட்டால் இரண்டிடத்தும் மயிரிழை வெடிப்பு விழும். கற்களின் விலையைக் கொண்டே இம்முட்டைகளை மதிப்பிடுவோர் தீயைப் பழக்கிய கைகளின் தேர்ச்சியைக் காணத் தவறுகின்றனர்.

1891ஆம் ஆண்டு முட்டை இந்தியப் பயணம் ஒன்றோடு பிணைந்தது. அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியில் பட்டத்து இளவரசர் நிக்கோலசும் தம்பி ஜார்ஜும் ‘பாமியத் அசோவா’ என்னும் போர்க்கப்பலில் கீழ்த்திசைப் பயணம் மேற்கொண்டு டிசம்பரில் பம்பாயில் இறங்கினர். 1827ஆம் ஆண்டு நவரினோ கடற்போரில் புகழ்பெற்ற ‘அசோவ்’ கப்பலின் நினைவாக இடப்பட்ட பெயர் அது. ஜார்ஜ் நோயுற்று இந்தியாவிலிருந்தே திரும்ப, நிக்கோலஸ் மட்டும் இலங்கை, சயாம் வழியாக ஜப்பான் வரை சென்றார்.

மகன் கடலில் இருந்த அந்த ஈஸ்டரில் தாய்க்குக் கிடைத்த முட்டை, கரும்பச்சையில் செம்புள்ளிகள் தெறித்த ஹீலியோட்ரோப் என்னும் ஜாஸ்பர் கல்லைக் குடைந்து செய்யப்பட்டது. மேலே பொற்கொடிகளும் வைரங்களும் படர, ஒரு மாணிக்கம் திறப்பாக அமைந்திருக்கிறது. திறந்தால் பச்சை வெல்வெட்டின் நடுவே, கடல்நீராகக் காட்டப்பட்ட அக்வாமரீன் கல்லின்மேல், ஏறக்குறைய 7 செ.மீ. நீளத்தில் அதே கப்பல் பொன்னாலும் பிளாட்டினத்தாலும் உருப்பெற்று நிற்கிறது. சன்னல்களின் இடத்தில் நுண்ணிய வைரங்கள், பின்புறத்தில் ‘அசோவ்’ என்னும் பெயர். மிகைல் பெர்ஹின், யூரி நிக்கோலாய் ஆகிய கைவினைஞர்களின் படைப்பாகிய இதில், தொலைவிலுள்ள மகனின் கப்பலைத் தாயின் உள்ளங்கைக்குக் கொண்டுவந்த எண்ணமே ஆடம்பரம் அனைத்தையும் விடப் பெரியது.

அவ்வாண்டு ருஷ்ய ஈஸ்டர் மே 3 அன்று வந்தது. எட்டே நாளில், மே 11 அன்று, ஜப்பானின் ஓட்சு நகரில் காவலர் ஒருவர் வாளால் நிக்கோலசின் தலையில் வெட்ட, அவர் தழும்போடு உயிர்தப்பினார். ஜார்ஜ் 1899இல் மறைந்தார். 1918இல் நிக்கோலஸ் குடும்பத்தோடு கொல்லப்பட்டார். இருவருக்கும் பின்னும் வாழ்ந்த தாய் 1928இல் டென்மார்க்கில் காலமானார். முட்டை இன்று மாஸ்கோ கிரெம்ளினின் ஆயுதசாலை அருங்காட்சியகத்தில் வேறு ஒன்பது அரச முட்டைகளோடு இருக்கிறது.