காற்றுக்கு அணையாத லைட்டர்

புனேயின் மழைக்காலத்தில் தீக்குச்சி நமத்துப்போய், அடுப்பைப் பற்றவைக்க இயலாமல் தவித்ததுண்டா? செல்போனைப்போல் சார்ஜ் செய்யும் மின் லைட்டர் அவ்வேளையில் கைகொடுக்கும். அதிலுள்ள லித்தியம் பேட்டரியின் ஆற்றலால் இரு முனைகளுக்கிடையே உயர் அழுத்த மின்பொறி உண்டாகிறது. காற்றுக்கு அது அணையாது. சாதாரண கேஸ் லைட்டரால் ஏற்ற இயலாத மெழுகுவர்த்தியையும் ஏற்றலாம். பொறிமுனையில் விரல் படலாகாது. பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

ஆனால் கேஸ் வாடை வீசினால் எந்த லைட்டரையும், மின்விளக்கு சுவிட்சையும் தொடாதீர்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். குழாய்வழி வரும் இயற்கை எரிவாயுவோ இலேசானது, மேலே எழும்பும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து வெளியேறுங்கள். பின்பு சிலிண்டர் கேஸ் கசிவுக்கான 1906 என்ற எண்ணை அழையுங்கள். ஒரே அறையில் சமைத்து உறங்கும் குடும்பத்திற்கு இந்தப் பொறுமையே பாதுகாப்பு.