வாரா, சங்கிலியா?

மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு என்ஜின்மீது இருக்கும் அபிமானத்தில் பத்தில் ஒரு பங்குகூடச் சங்கிலிமீது இருப்பதில்லை. என்ஜின் படும் பாடெல்லாம் பின்சக்கரத்தைப் போய்ச் சேருவதோ அதன் மூலமாகத்தான். அது அறுந்தால் வண்டி நிற்பதோடு விஷயம் முடியாது. அறுந்த முனை சிக்கிக்கொண்டால் சக்கரமே இறுகிவிடும். எண்ணூர் விரைவுச் சாலையில் முன்னும் பின்னும் கண்டெய்னர் லாரிகள் உருளும்போது இது நேர்ந்தால் என்னவாகும் என்று நாம் விவரிக்க வேண்டியதில்லை.

மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசத் திருவொற்றியூருக்குத் தனி உரிமை உண்டு. 1955-ம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியார் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டுடன் கூட்டுச் சேர்ந்து என்பீல்டு இந்தியாவைத் தொடங்கினார்கள். முதலில் சீமையிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டும் வேலைதான் திருவொற்றியூரில் நடந்தது. சில ஆண்டுகளில் பாகங்களும் இந்நாட்டிலேயே உருவாயின. சீமையில் உற்பத்தி 1970-ல் நின்றுபோயிற்று; திருவொற்றியூர்ப் புல்லட்டோ ஓடிக்கொண்டே இருந்தது! தாயை மிஞ்சிய பிள்ளை என்று நம்மவர் பெருமைப்பட்டால் தவறில்லை.

இத்தகைய வண்டிக்குச் சங்கிலியை எடுத்துவிட்டு நீடித்து உழைக்கும் வார் போட்டால் என்ன என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். வார் புதிய சங்கதியல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல மோட்டார் சைக்கிள்கள் தோல் வாரில்தான் ஓடின. மழை பெய்தால் வார் வழுக்கும். இன்று ஹார்லி முதலிய வண்டிகளில் இருப்பது பல் வைத்த ரப்பர் வார். உள்ளே உறுதியான இழைகள் ஓடுகின்றன. அதற்கு எண்ணெய் வேண்டாம், சத்தமும் குறைவு. ஆனால் வாருக்கும் கப்பிக்கும் நடுவே ஒரு ஜல்லிக்கல் புகுந்தால் போதும், வார் பழுதாகிவிடும். மேலும், சங்கிலிக்கென்று செய்த வண்டியில் வார் மாட்ட இரண்டு பற்சக்கரங்களையும் நீக்கிக் கப்பி வைக்க வேண்டும். அகலமான வாருக்கு இடமும் வேண்டும். மணலும் ஜல்லியும் சிந்திக் கிடக்கும் துறைமுகச் சாலைக்குச் சங்கிலியே தகும் என்பது நம் அபிப்பிராயம்.

எந்தச் சங்கிலி? முதலில் எண்ணைப் பார்க்க வேண்டும். 428, 520, 530 என்று பொறித்திருக்கும். முதல் இலக்கம் ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் உள்ள தூரத்தை அரைக்கால் அங்குலக் கணக்கில் சொல்லும். ஆகவே 428-க்கு அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர், 520-க்கு 15.875 மில்லிமீட்டர். மற்ற இரண்டு இலக்கங்களும் அகலத்துக்கு அடையாளம். வண்டியின் கைப்புத்தகத்தில் கண்ட எண்ணையும் கண்ணிகளின் தொகையையும் விட்டு விலகக் கூடாது.

சங்கிலி நீண்டுவிட்டது என்கிறோமே, இரும்பு ஒன்றும் நீளுவதில்லை. ஆணியும் அதைச் சுற்றியுள்ள குழலும் தேய்ந்து, ஒவ்வொரு கண்ணியிலும் மயிரிழை இடைவெளி விழுகிறது. நூறு கண்ணியில் அது தொங்கலாகிறது. இராயபுரம் முதல் எண்ணூர் வரை உப்புக் காற்றும் தூசியும் இத்தேய்மானத்துக்குத் துணை. ஓ-ரிங் வைத்த சங்கிலியில் ரப்பர் வளையங்கள் உள்ளே கிரீஸை அடைத்து, தூசியை வெளியே நிறுத்துகின்றன. விலை கூடத்தான். ஆயினும் ஓடும் மைல்களால் வகுத்துப் பார்த்தால் மலிவுச் சரக்கே அதிகச் செலவு. வெளிப்புறம் துருப்பிடிக்காமலிருக்க இதற்கும் எண்ணெய் தேவை. பெட்ரோலில் மட்டும் கழுவக் கூடாது, வளையங்கள் கெட்டுவிடும். வெளிநாட்டுப் பெயரைத் தேடி அலையவும் வேண்டாம், கோயம்புத்தூர் எல்.ஜி.பி.யாரின் ரோலான் நம் நாட்டுச் சரக்குத்தானே! அட்டைப்பெட்டியை மட்டும் நம்பாமல், சங்கிலியில் பொறித்த பெயரையும் பார்த்து, ரசீதுடன் வாங்குவது உத்தமம்.

புதிய சங்கிலியைப் பழைய ஸ்பிராக்கெட்டில் பூட்டச் சொல்வது சிக்கனமல்ல. கொக்கிபோல வளைந்த பற்கள் புதுச் சங்கிலியைச் சீக்கிரமே தின்றுவிடும். முன்னும் பின்னுமாக மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். லாக் வைத்த சங்கிலியானால், மெக்கானிக் கை துடைத்துக்கொள்ளுமுன் குனிந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்: லாக்கின் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கியும், பிளந்த முனை அதற்கு எதிராகவும் இருக்க வேண்டும்.