பெருவிரல் மை

மன்னராட்சியை இயக்கும் விசை மானம் என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் மாண்டெஸ்க்யூ 1748-இல் எழுதினார். முன்னுரிமையும் தனிச்சிறப்பும் கேட்பதே மானத்தின் இயல்பு என்பது அவர் துணிபு. அப்படியானால் அது பிரபுக்களின் சொத்து. உழைப்பவனுக்குக் கூலி போதும். 1930 ஏப்ரலில் கோலார் தங்கவயல் இந்தக் கணக்கைப் பொய்யாக்கியது.

அங்கே ஜான் டெய்லர் கம்பெனியின் சுரங்கங்களில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வடஆற்காடு, சித்தூர்ப் பக்கத்து ஆதிதிராவிடத் தமிழர். ஷிப்டு முடிந்து மேலே வந்தால் மடியையும் முண்டாசையும் அவிழ்த்துக் காட்ட வேண்டும். வெளியே தாதுக்கல்லோடு பிடிபட்டால், தான் திருடவில்லை என்று பிடிபட்டவனேதான் காட்டியாக வேண்டும். இத்தனையையும் பொறுத்தவர்கள், பதிவுக்கு விரல்ரேகை வைக்கச் சொன்னதும் வேலையை நிறுத்தினார்கள். பதிவுபெற்ற சங்கம் இல்லை. ஆனாலும் ஏறக்குறைய மூன்று வாரம் நின்றார்கள். கூலிக் குறைதான் காரணம், ரேகை வெறும் சாக்கு என்று வாதிடலாம். குறைகள் இருந்தது உண்மை. ஆனால் அவை பல வருடத்துக் குறைகள். எல்லாரையும் ஒரே நேரத்தில் எழுப்பியது ரேகை.

விரலில் கொஞ்சம் மை, அதில் என்ன அவமானம்? அந்த மைக்கு ஒரு சரித்திரம் உண்டு. சில சாதிகளைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பதிவுசெய்த குற்றப்பரம்பரைச் சட்டத்தை மதுரைப் பக்கம் ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். அதை எதிர்த்த பெருங்காமநல்லூர்க் கள்ளர்கள்மீது போலீஸ் சுட்டது 1920 ஏப்ரல் 3-இல். அதற்கு முன்பே, 1906-இல், தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் இந்தியர்கள் ரேகைப் பதிவை மறுத்துச் சபதமெடுத்தார்கள். அந்தப் போரை நடத்திய காந்தியே 1908-இல் பத்து விரலும் பதித்தார். மனமுவந்து கொடுப்பது வேறு, குற்றவாளியாக எண்ணிப் பிடுங்குவது வேறு என்பது அவர் வாதம். எனக்கு அது சரியாகவே படுகிறது. தங்கவயலில் இந்த உணர்வு ஒரே நாளில் முளைத்ததுமல்ல. சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்கு அங்கே மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்ஸிலும் கிளைகள் இருந்தன. அவர் நடத்திய 'தமிழன்' இதழை 1926 முதல் ஜி. அப்பாதுரையார் அங்கிருந்தே மறுபடி நடத்தினார். தாங்கள் யாருக்கும் தாழ்ந்தவரல்லர் என்பதை லயன் வீடுகளில் இருந்தவர்கள் அச்செழுத்தில் படித்துவந்தார்கள்.

மானத்தை அரசியலில் ஏற்றினால் சாதி மானமும் கூடவே ஏறாதா? இதுதான் கனமான ஆட்சேபம். சாதி மாறி மணந்த மகளைக் கொன்றவனும் மானம் என்றுதான் சொல்கிறான். ஆனால் அவன் மானத்துக்குக் கீழே ஒருவன் கிடந்தாக வேண்டும். கீழே கிடப்பவன் எழுந்தால் இவனுடையது போய்விடும். சுரங்கத் தொழிலாளி கேட்டதை எல்லாருக்கும் கொடுத்தாலும் அவனுக்குக் குறையாது. மாண்டெஸ்க்யூவின் இலக்கணத்தில் இந்த இரண்டாவது மானத்துக்கு இடமில்லை. தமிழ் பேசுகிறவர்களுக்கு வேறுபாடு தெரிந்திருக்கிறது. பத்திரிகைகள் கௌரவக் கொலை என்று எழுதிவந்ததை மறுத்து, ஆணவக் கொலை என்ற பெயரை அவர்களே வழக்குக்குக் கொண்டுவந்தார்கள்.